திரை விலகும் நேரம்



நாடகம் பார்த்திராதவர் உங்களுள் அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டீர்கள். பள்ளி ஆண்டு விழாவிலேனும் பார்த்திருப்பீர்கள். சிறு வேடம் ஒன்று புனைந்து நடித்தும் இருப்பீர்கள். ஒப்பனை அறையில் ஒருவருக்கு மீசை ஒட்டுகிறார்கள். மேடையில் ஒருவர் சிம்மாசனத்தை இழுத்துப் போடுகிறார். மற்றொருவர் விளக்குகளைச் சரிபார்க்கிறார். மணி அடிக்கிறது, திரை விலகுகிறது, அரசன் கொலுவீற்றிருக்கிறான். இவை ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் நடந்தால் அது நாடகம். திரை விலகிய பிறகு சிம்மாசனத்தை இழுத்து வந்தால் அவையோர் சிரிப்பர். அரசன் மேடையை விட்டுப் போன பின்னும் அவனுக்குரிய முரசு முழங்கிக்கொண்டே இருந்தால் அடுத்த காட்சி கெடும். செய்த வேலையில் குற்றம் இல்லை. செய்த நேரத்தில்தான் குற்றம்.

இன்று நான் பேசப்போவதும் ஒரு திரையைப் பற்றியே. கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் நாம் நாள்தோறும் காணும் திரை அது. அதன் பின்னாலும் ஒப்பனை அறை உண்டு; மேடையை அமைப்போர் உண்டு; மணி அடிக்கும் நேரமும் உண்டு. அங்கே எந்த வேலையை எப்போது செய்வது என்பதே இன்றைய பொருள்.

முதலில் சிறிது வரலாறு. 1989ஆம் ஆண்டில், ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், ஆவணங்களை ஒன்றோடொன்று கோத்துப் படிக்கும் முறை ஒன்றை எழுதி முன்வைத்தார். அதிலிருந்து பிறந்ததே வலை. தொடக்க கால வலைப்பக்கம் அச்சிட்ட தாளைப் போன்றது. வந்தது, நின்றது, படித்தோம். 1995இல் பிரெண்டன் ஐக் என்பவர் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியை உருவாக்கினார். அதன்பின் தாள் அசையத் தொடங்கிற்று. நாளடைவில் ஒரே பக்கத்தில் அஞ்சல் பெட்டியும், வரைபடமும், கடிகாரமும், கடைவீதியும் வந்து குடியேறின. இவ்வளவையும் ஒரே நிரலாக எழுதினால் அதை எழுதியவருக்கே விளங்காது. எனவே பக்கத்தைச் சிறு சிறு உறுப்புகளாகப் பிரித்துக் கட்டும் சட்டகங்கள் தோன்றின. 2013இல் ஃபேஸ்புக் நிறுவனம் ரியாக்ட் என்பதைப் பொதுவில் வெளியிட்டது. 2014இல் இவான் யூ என்பவர் வியூ என்பதை வெளியிட்டார். கூகிள் நிறுவனத்தார் ஆங்குலர் என்பதைப் புதிதாக எழுதி 2016இல் தந்தனர். இவற்றுள் ரியாக்ட் தன்னை நூலகம் என்றே கூறிக்கொள்ளும்; ஆயினும் வழக்கில் மூன்றையும் சட்டகம் என்றே சொல்வர்.

இச்சட்டகங்களில் கம்போனென்ட் என வழங்குவதை நாம் 'உறுப்பு' என்போம். ஒரு பொத்தான், ஒரு பட்டியல், ஒரு கடிகாரம் ஒவ்வொன்றும் ஓர் உறுப்பு. சிறிய உறுப்புகள் பெரிய உறுப்புக்குள் அடங்கும். அடங்குவதைச் சேய் என்றும், அடக்குவதைத் தாய் என்றும் கூறலாம். ஒவ்வோர் உறுப்புக்கும் வாழ்நாள் உண்டு. அது தோன்றும், பக்கத்தில் பொருந்தும், செய்தி மாறும்போது தானும் மாறும், தேவை தீர்ந்ததும் நீங்கும். தோன்றல், பொருந்தல், மாறல், நீங்கல் என்ற இந்நான்கு நிலைகளே அதன் வாழ்க்கை வரலாறு.

இந்த நிலைகளில் நாம் ஏதேனும் வேலை செய்ய விரும்பினால், அந்தந்த நேரத்தில் நம் நிரலை மாட்டி வைப்பதற்குச் சட்டகம் சில கொக்கிகளைத் தருகிறது. ஹூக் என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். இதில் கருத்தில் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. நேரத்தைக் குறிப்பவர் நாம் அல்லர், சட்டகமே. கல்யாண வீட்டில் மேளக்காரர் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். தாலி கட்டும் வேளை எது என்று அவர் முடிவு செய்வதில்லை. பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி, 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று குரல் கொடுக்கிறார். உடனே மேளம் முழங்குகிறது. நாம் கொக்கியில் மாட்டும் நிரல் அந்த மேளக்காரரைப் போன்றது. வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்தக் குரலுக்கு வாசிக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

ரியாக்ட் தொடக்கத்தில் தந்த கொக்கிகளின் பெயர்களைக் கேட்டால் இலக்கண வகுப்பு நினைவுக்கு வரும். கம்போனென்ட் வில் மவுண்ட் என்று ஒன்று. 'உறுப்பு பொருந்தப்போகிறது' என்பது அதன் பொருள். கம்போனென்ட் டிட் மவுண்ட் என்று மற்றொன்று. 'உறுப்பு பொருந்திவிட்டது' என்பது பொருள். முன்னது எதிர்காலம், பின்னது இறந்தகாலம். இவ்விரண்டுக்கும் இடையேதான் திரையில் காணும் பக்கத்தின் ஆவண மரத்தில் உறுப்பு சென்று அமர்கிறது.

சேவையகத்திலிருந்து செய்தி கேட்டு வாங்க வேண்டியிருந்தால் அதை எந்தக் கொக்கியில் மாட்டுவது? பலர், 'முன்னதாகவே கேட்டுவிட்டால், உறுப்பு தோன்றும்போதே செய்தி தயாராக இருக்குமே' என்று எண்ணி, எதிர்காலக் கொக்கியில் மாட்டினார்கள். எண்ணம் இயல்பானதுதான், ஆயினும் பிழையானது. கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போதே பதில் வாசலில் கிடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு அது ஒப்பாகும். கேள்வி சேவையகத்துக்குச் சென்று பதில் வர, மிகக் குறைவாயினும், சிறிது நேரம் ஆகும். சட்டகமோ அதற்காகக் காத்திராமல் அடுத்த நொடிப்பொழுதிலேயே உறுப்பை வரைந்துவிடும். ஆகவே முதல் தோற்றத்தில் செய்தி இராது. இராது என்பதை ஒப்புக்கொண்டு, 'சற்றுப் பொறுங்கள்' என்னும் தோற்றத்தையும் எழுதி வைப்பதே முறை.

எதிர்காலக் கொக்கியில் இன்னும் பெரிய இடர் ஒன்று இருந்தது. 'பொருந்தப்போகிறது' என்பது வாக்குறுதிதான்; நிகழ்ச்சி அன்று. ரியாக்ட்டை வளர்த்தவர்கள், ஓர் உறுப்பை வரையத் தொடங்கிப் பாதியில் நிறுத்தவும், வேண்டாமெனில் கைவிடவும் வல்ல முறை ஒன்றை வகுத்துவந்தார்கள். அப்படிக் கைவிட்டால், பொருந்தப்போவதாகச் சொன்ன உறுப்பு பொருந்தாமலே போகும். பொருந்தாததற்கு நீங்குதல் ஏது? நீங்கும்போது அணைக்கலாம் என்று எண்ணி ஏற்றி வைத்த விளக்கு அணைக்க ஆளின்றி எரிந்துகொண்டே இருக்கும். இதனால் 2018இல் வெளிவந்த 16.3ஆம் பதிப்பில், பொருந்துவதற்கு முன்னும் மாறுவதற்கு முன்னும் நிகழ்ந்த மூன்று கொக்கிகளை அவர்கள் ஐயத்துக்கு உரியவை எனக் குறித்து, 'பாதுகாப்பற்றது' என்னும் முன்னொட்டோடு கூடிய புதுப்பெயர்களை அவற்றுக்கு இட்டார்கள். எதிர்காலக் கொக்கிகளுள் குற்றம் சாட்டப்படாமல் தப்பியது ஒன்றே. அது 'நீங்கப்போகிறது' என்பது. விடைபெறுவோர் போவதற்கு முன்புதானே சொல்லிக்கொள்ள முடியும்?

இனி, தாயும் சேயும் ஆகிய உறுப்புகளுள் யாருக்கு முதலில் குரல் வருகிறது என்று பார்ப்போம். நம் வீடுகளில் தாய்தான் முதலில் எழுகிறாள், கடைசியில் உறங்குகிறாள். உறுப்புகளிலும் அப்படியே. வரைதல் தாயிலிருந்து தொடங்கிச் சேய்க்கு இறங்குகிறது. தாயை வரையும்போதுதான் அதனுள் எந்தச் சேய் இருக்கிறது என்பதே தெரியவருகிறது. ஆனால் 'பொருந்திவிட்டது' என்னும் குரல் முதலில் சேய்க்கும், பிறகு தாய்க்கும் வருகிறது. பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர்ந்தபின் கதவைத் தாழிடுவதுபோல, தன்னுள் அடங்கியவை பொருந்திய பிறகே தாய் தன்னைப் பொருந்தியதாகக் கூறுகிறது. ரியாக்ட்டுக்கும் வியூவுக்கும் இது பொது.

இந்த வரிசை தெரியாதவர் ஒரு குழியில் விழுவர். தாய் உறுப்பு, தான் பொருந்தியபின் ஒரு வரைபடத்தை ஆயத்தம் செய்கிறது என்று கொள்ளுங்கள். சேய் உறுப்பு, தான் பொருந்தியதும் அந்த வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க விரைகிறது. ஆனால் சேய்க்கே குரல் முதலில் வருவதால், அது புள்ளி வைக்கச் செல்லும்போது அங்கே வரைபடம் இராது. 'தாய் மூத்தவள் ஆயிற்றே, முன்பே முடித்திருப்பாள்' என்ற நினைப்பு அங்கே உதவாது. மறுதலையாக, தாய் தன் சேய்களின் உயர அகலங்களை அளக்க விரும்பினால், பொருந்திய நேரம் மிகவும் பொருத்தமானது. அவை அனைத்தும் அங்கே இருக்கும். ஒரு விலக்கு உண்டு. பிற்பாடு தருவித்துக்கொள்ளப்படும் உறுப்புகளுக்காக வியூவின் தாய் உறுப்பு காத்திருப்பதில்லை. ஊரிலிருந்து வரவேண்டிய பிள்ளைக்காக அவள் விழித்திருக்கமாட்டாள்.

ஆங்குலர் சட்டகத்தில் கொக்கிகள் மிகுதி. அவற்றுள் இரண்டை அறிந்தால் இப்போதைக்குப் போதும். என்ஜி ஆன் இனிட் என்பது, தாய் தரும் செய்திகள் சேயின் கைக்கு வந்து சேர்ந்தபின் நிகழ்வது. அதற்கு முன், உறுப்பு உருவாகும் கணத்தில், அச்செய்திகளைத் தேடினால் வெறுங்கைதான். என்ஜி ஆஃப்டர் வியூ இனிட் என்பது, உறுப்பின் தோற்றமும் அதனுள் அடங்கியவற்றின் தோற்றமும் அமைந்தபின் நிகழ்வது. அளப்பதற்கு அது உகந்த நேரம், திருத்துவதற்கு அன்று. சரிபார்த்து முடித்த கணக்கை அங்கே ஒருவர் திருத்தினால், நிரலை உருவாக்கும் காலத்தில் ஆங்குலர் கணக்கை மறுமுறை பார்த்து, 'சரிபார்த்தபின் மாறியிருக்கிறதே' என்று பிழை காட்டி எச்சரிக்கும். நல்ல கணக்கப்பிள்ளையின் குணம் அது.

மீண்டும் நம் நாடகத் திரைக்கு வருவோம். உறுப்பு பொருந்துவது வேறு. அதை நம் கண் காண்பது வேறு. உலாவி முதலில் ஆவண மரத்தை மாற்றுகிறது. பிறகு எது எவ்விடம், எவ்வளவு அகலம் என்று கணக்கிடுகிறது. அதன் பிறகே வண்ணம் தீட்டிக் காட்டுகிறது. பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 முறை புதிதாகத் தீட்டப்படுகின்றன. எனவே ஒரு முறைக்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லி வினாடி. அதற்குள் நம் நிரலும் ஓடவேண்டும். உலாவியின் வேலையும் முடியவேண்டும். இரண்டுக்கும் அடுப்பு ஒன்றே. நம் சோறு வேகும்வரை உலாவி தன் குழம்பை ஏற்ற முடியாது.

இங்கேதான் ரியாக்ட் இரண்டு கொக்கிகளைத் தனித்தனியே வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த 16.8ஆம் பதிப்பில் அவை வழக்குக்கு வந்தன. யூஸ் லேஅவுட் எஃபெக்ட் என்பது ஆவண மரம் மாறிய பின்னும், திரை தீட்டப்படும் முன்னும் ஓடுவது. யூஸ் எஃபெக்ட் என்பது, பெரும்பாலும், திரை தீட்டப்பட்ட பிறகு ஓடுவது. முன்னது திரை விலகுமுன். பின்னது திரை விலகியபின்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு சொல்லின்மீது விரலை வைத்தால் அதன் பொருளைக் கூறும் குறிப்புப் பெட்டி ஒன்று தோன்றவேண்டும். மேலே இடம் இருந்தால் மேலே, இல்லையேல் கீழே. இடம் போதுமா என்று அறியப் பெட்டியின் உயரத்தை அளக்க வேண்டும். உயரமோ, பெட்டி பொருந்திய பிறகே தெரியும். இந்த அளவையைத் திரை விலகியபின் செய்தால், பெட்டி முதலில் தவறான இடத்தில் தோன்றி, மறுகணம் சரியான இடத்துக்குத் தாவும். பார்ப்பவருக்குக் கண் கூசும். திரை விலகுமுன் செய்தாலோ, ஒரு தாவலும் தெரியாது. பெட்டி தொடக்கம் முதலே அங்கிருந்ததுபோல் இருக்கும். அப்படியானால் எல்லாவற்றையும் திரை விலகுமுன் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கே செய்யும் ஒவ்வொரு வேலைக்காகவும் திரை காத்து நிற்கிறது. அவையோர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அளவை போன்ற, கண்ணுக்குத் தெரியும் வேலைக்கே அவ்விடம். செய்தி கேட்பது, கடிகாரம் ஓட்டுவது முதலியவற்றுக்குப் பின்னதே போதும்.

வியூவிலும் இத்தகைய நுட்பம் ஒன்று உண்டு. அங்கே ஒரு மதிப்பை மாற்றியவுடனே பக்கம் மாறிவிடுவதில்லை. தபால்காரர் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு முறை ஓடாமல், பெட்டியில் சேர்ந்தவற்றை ஒருசேர எடுத்துச் செல்வதுபோல, வியூ மாற்றங்களைச் சேர்த்துவைத்து ஒரே தவணையில் பக்கத்தைப் புதுப்பிக்கிறது. ஆகையால் மதிப்பை மாற்றிய மறுவரியிலேயே பக்கத்தை அளந்தால் பழைய அளவே கிடைக்கும். புதிய அளவு வேண்டுமெனில், நெக்ஸ்ட் டிக் என்னும் வழியாக அத்தவணை முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

நண்பர்களே, இவையெல்லாம் கண் கூசுவதும் பெட்டி தாவுவதும் ஆகிய சில்லறைத் தொல்லைகள்தாமே என்று தோன்றலாம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித் தோன்றிற்று. அந்த எண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மருத்துவமனையின் வார்டுகளில் பயன்படுத்துவதற்காக நாங்கள் சிலர் ஒரு பக்கம் எழுதினோம். இடப்புறம் நோயாளிகளின் பெயர்ப் பட்டியல். ஒரு பெயரைத் தொட்டால், வலப்புறம் அப்பெயரும், அவருடைய இரத்த வகையும், ஒவ்வாத மருந்துகளும் தோன்றும். பெயர், பட்டியலிலிருந்தே வந்தது. மற்றவை சேவையகத்திலிருந்து வந்தன.

முதலில் நான் செய்த பிழை எளியது. சேவையகத்திடம் கேட்கும் வேலையை, உறுப்பு பொருந்தும் நேரத்தில் மட்டும் செய்தேன். அடுத்த பெயரைத் தொட்டால் புதிய உறுப்பு வரும் என்று என் எண்ணம். ஆனால் சட்டகம் சிக்கனமானது. அதே உறுப்பை வைத்துக்கொண்டு, அதற்குத் தந்த பெயரை மட்டும் மாற்றியது. உறுப்பு ஏற்கெனவே பொருந்தியிருந்ததால் 'பொருந்திவிட்டது' என்னும் குரல் மறுபடி வரவில்லை. பெயர் மாறியது, விவரம் மாறவில்லை. இதை எங்கள் அறையிலேயே அன்று பிற்பகல் கண்டுபிடித்து, பெயர் மாறும்போதும் கேட்கவேண்டும் என்று திருத்தினேன். எத்தனை முறை தொட்டுப் பார்த்தாலும் சரியாகவே வந்தது. வேலை முடிந்தது என்று நிம்மதி கொண்டேன்.

வெள்ளோட்டத்தின்போது, தலைநரைத்த செவிலியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். கையில் பழைய காகிதப் பதிவேடு. 'தம்பி, நான் ஒரு பெயரைத் தவறித் தொட்டுவிட்டு, உடனே சரியான பெயரைத் தொட்டேன். சரியாகத்தான் வந்தது. நான் கையை எடுத்தபிறகு இரத்த வகை மட்டும் தானாக மாறிற்று. பெயர் அப்படியே நிற்கிறது. இரத்தம் எப்படி மாறும்?' என்றார்.

நான் திரையைப் பார்த்தேன்; அவர் காட்டிய பதிவேட்டையும் பார்த்தேன். பெயர் ஒருவருடையது, இரத்த வகை மற்றொருவருடையது.

நடந்தது இதுதான். முதற்பெயரைத் தொட்டபோது ஒரு கேள்வி சென்றது. இரண்டாம் பெயரைத் தொட்டபோது மற்றொரு கேள்வி சென்றது. முன் சென்ற கேள்விக்கு முன்னே பதில் வரும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. முந்திப் போட்ட கடிதம் பிந்தி வருவது நாம் அறியாததா? இரண்டாம் பதில் முதலில் வந்து சரியாக அமர்ந்தது. முதற்பதில் தாமதமாக வந்து, அதைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொண்டது. எங்கள் அறையில் சேவையகம் பக்கத்தில் இருந்ததால் பதில்கள் போன வரிசையிலேயே திரும்பின. மருத்துவமனைத் தாழ்வாரத்தின் கோடியில் இணைப்பு நலிந்திருந்ததால் வரிசை புரண்டது. ஓர் அரை நொடி வேறுபாடுதான். ஆனால் அந்த அரை நொடியில் திரை பொய் சொல்லிற்று. அதுவும் தயங்காமல், தெளிவான எழுத்தில் சொல்லிற்று. அந்த அம்மையார் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் உடையவராக இருந்தது எங்கள் நல்வினை. அவர்கள் அதுவரை காகிதத்தையே நம்பி வேலை செய்ததால் தீங்கு ஒன்றும் நேரவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இதற்குத் தீர்வு யாது? தொடங்குவதற்கு நேரம் பார்த்த நான், முடிப்பதற்கு நேரம் பார்க்கவில்லை. ரியாக்ட்டின் யூஸ் எஃபெக்ட்டில் ஒரு வேலையைத் தொடங்கும்போதே, அதை எப்படி முடிப்பது என்பதையும் எழுதிக் கொடுக்கலாம். உறுப்பு நீங்கும்போது மட்டுமன்று. அது சார்ந்திருக்கும் செய்தி மாறும்போதும், சட்டகம் முதலில் பழையதை முடிக்கும். பிறகே புதியதைத் தொடங்கும். இந்த வரிசை நமக்குப் பெரும் அரண். முடிக்கும் பகுதியில், 'முன்னைய கேள்வி இனிச் செல்லாது' என்று குறித்துவிட்டால், அதற்குரிய பதில் எவ்வளவு தாமதமாக வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பப்படும். அபார்ட் கண்ட்ரோலர் என்னும் உலாவி வசதியைக் கொண்டு, போய்க்கொண்டிருக்கும் கேள்வியையே நிறுத்திவிடவும் கூடும். நாங்கள் இதோடு நில்லாமல், பெயரையும் இரத்த வகையையும் ஒரே பதிலிலிருந்தே எடுத்துக் காட்டுமாறு மாற்றினோம். ஒன்றாகச் சேர்ந்தே உண்மையாகும் இரண்டு செய்திகளை வெவ்வேறு வண்டிகளில் ஏற்றி அனுப்பக்கூடாது என்பதை அன்று கற்றோம்.

முடிக்காமல் விடும் வேலைகள் வேறு வகையிலும் துன்பம் தரும். வாடகை வீட்டைக் காலி செய்பவர் பால்காரரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும், செய்தித்தாள்காரரிடமும் சொல்லவேண்டும். சொல்லாமல் போனால், பூட்டிய வீட்டு வாசலில் நாள்தோறும் பால் வந்துகொண்டே இருக்கும். வினாடிக்கு ஒருமுறை ஓடும் கடிகார உறுப்பு ஒன்றை, அது நீங்கும்போது நிறுத்தாமல் விட்டால், உறுப்பு போனபின்னும் கடிகாரம் ஓடும். பயன்படுத்துபவர் பத்து முறை அப்பக்கத்துக்கு வந்து போனால், கண்ணுக்குத் தெரியாமல் பத்துக் கடிகாரங்கள் ஓடும். கைப்பேசி சூடேறும், நினைவகம் நிறையும், பக்கம் தள்ளாடும். காரணம் தேடினால் எளிதில் அகப்படாது. ஏனெனில் குற்றவாளி அந்த வீட்டைவிட்டு எப்போதோ போய்விட்டான்.

இத்தகைய மறதியைப் பிடிப்பதற்கு ரியாக்ட் ஓர் ஒத்திகை வைத்திருக்கிறது. 2022இல் வெளிவந்த 18ஆம் பதிப்பு முதல், ஸ்ட்ரிக்ட் மோட் என்னும் கண்டிப்பு முறையை ஏற்றுக்கொண்டவர்களுக்கு, நிரலை உருவாக்கும் காலத்தில் மட்டும், ஒவ்வோர் உறுப்பையும் பொருத்தி, உடனே கழற்றியதுபோல் நடித்து, மீண்டும் பொருத்திப் பார்க்கிறது. 'என் வேலை ஏன் இருமுறை ஓடுகிறது?' என்று அப்போது முறையிட்டவர் பலர். சிலர் அம்முறையையே அணைத்து வைத்தனர். பந்தல் போட்டவரிடம், 'பிரித்துவிட்டு மறுபடி போட்டுக் காட்டுங்கள்' என்று கேட்பது போன்றது அது. ஒழுங்காகப் பிரிக்கத் தெரிந்தவருக்கு அதனால் தொல்லை இல்லை. பிரிக்கும்போது மறந்த கயிறு இரண்டாம் முறை காலை இடறும். மேடையேறும் முன் ஒத்திகையிலேயே இடறுவது நல்லதுதானே?

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கருத்து வளர்ச்சி புலப்படும. தொடக்கத்தில் நிரலாளர், 'உறுப்பின் வாழ்நாளில் எந்த நேரத்தில் இதைச் செய்வது?' என்று கேட்டனர். அதனால் ஒரே வேலை மூன்று இடங்களில் சிதறிற்று. பொருந்தும்போது தொடக்கம், மாறும்போது திருத்தம், நீங்கும்போது முடிவு. மூன்றில் ஒன்றை மறந்தாலும் பிழை. 2019க்குப் பின் ரியாக்ட் வற்புறுத்துவது வேறொரு கேள்வி: 'வெளியே உள்ள எதனோடு இந்த உறுப்பு ஒத்துச் செல்லவேண்டும்?' ஒரு நோயாளியின் விவரத்தோடு என்றால், அந்த நோயாளியின் எண்ணே அளவுகோல். எண் மாறினால் பழைய உறவை முடி. புதிய உறவைத் தொடங்கு. தொடக்கமும் முடிவும் ஓரிடத்தில் எழுதப்படுகின்றன. பூட்டும் சாவியும் ஒரே வளையத்தில் கிடக்கின்றன.

நீங்கள் எதிர்காலத்தில் எந்தச் சட்டகத்தைக் கையாள்வீர்கள் என்று என்னால் சொல்ல இயலாது. கொக்கிகளின் பெயர்கள் மாறும். வியூவில் 'அழிந்தது' என்று இருந்த பெயர், 2020இல் வந்த 3ஆம் பதிப்பில் 'கழற்றப்பட்டது' என்று மாறியது. ஆனால் மூன்று கேள்விகள் மாறமாட்டா. எனக்கு வேண்டியது இந்த நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டதா? நான் செய்யும் வேலைக்காகத் திரை காத்திருக்கிறதா? நான் தொடங்கியதை முடிப்பவர் யார்? ஒவ்வொரு கொக்கியிலும் நிரலை மாட்டுமுன் இம்மூன்றையும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். வானொலியில் நிரலை எழுதிக் காட்ட இயலாது. ஆதலின் இன்று மாலை நீங்களே ஒரு சிறு கடிகார உறுப்பு எழுதிப் பாருங்கள். அதைப் பொருத்துங்கள், கழற்றுங்கள், மறுபடி பொருத்துங்கள். எத்தனை கடிகாரங்கள் ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த மருத்துவமனையில் திருத்திய பக்கத்தை மறுபடி கொண்டுபோய்க் காட்டியபோது, செவிலியர் அம்மையார் வேண்டுமென்றே பெயர்களை மாற்றி மாற்றி விரைவாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, பதிவேட்டைப் பிடித்தபடி, ஒரு நிமிடம் முழுவதும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் மாறவில்லை. 'சரி தம்பி' என்று சொல்லிவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார். எத்தனையோ பாராட்டுகளைப் பின்னர் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு நிமிடம் அவர் பொறுத்திருந்து பார்த்தாரே, அதைப் போல எனக்குப் பாடம் சொன்னது வேறொன்றும் இல்லை.